கிரேடு செய்யாத கார்டை ஆன்லைனில் விற்கும்போது அதன் நிலையை எப்படி எழுதுவது?

விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட, சேகரிக்கிறவர்கள் தேடி வாங்கும் பேஸ்பால் கார்டையோ கூடைப்பந்துக் கார்டையோ ஈபேயில் விற்பனைக்குப் போடப் போனால், கார்டு கிரேடு ஆனதா, அதாவது ஒரு நிறுவனம் அதன் நிலையைப் பார்த்து எண் கொடுத்ததா, ஆகாததா என்று கேட்கும். ஆகாதது என்றால் அடுத்து நான்கு பெயர்களை நீட்டும்: நியர் மின்ட் ஆர் பெட்டர் (ஏறக்குறையப் புதியது அல்லது அதற்கும் மேல்), எக்ஸலென்ட், வெரி குட், புவர். புதிதாக விற்க வருகிறவர்களில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். கார்டு பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது, ஒரு மூலையில் லேசாக வெளுத்திருக்கிறது, அவ்வளவுதானே, 'வெரி குட்' போடலாம் என்று போட்டுவிடுகிறார்கள். சாதாரணப் பேச்சில் வெரி குட் என்றால் பாராட்டு. கார்டு வாங்கி விற்கிறவர்களிடம் அதே சொல்லுக்கு, நன்றாக அடிபட்ட கார்டு என்று பொருள். ஈபே தரும் விளக்கமும் அதுதான்: எக்ஸலென்ட் என்றாலே தேய்மானம் தெளிவாகத் தெரியும், வெரி குட் என்றால் கார்டு முழுக்க ஓரளவிலிருந்து கடுமையான சேதம் வரை இருக்கும். ஆக, நல்ல கார்டுக்கு வெரி குட் போட்டவர் பாதி விலைக்குக்கூட விற்க முடியாமல் தவிப்பார். அடிபட்ட கார்டுக்கு நியர் மின்ட் போட்டவர் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

இந்தப் பெயர்களின் முழு வரிசையைத் தெரிந்துகொண்டால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். பிஎஸ்ஏ என்ற நிறுவனம் 1991-இல் தொடங்கியது. நாம் அனுப்பும் கார்டு அசல்தானா என்று பார்த்து, 1 முதல் 10 வரை ஒரு எண் கொடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடி அனுப்பும் வேலையைச் செய்கிறது. அந்த உறைக்கு ஸ்லாப் என்று பெயர். பெக்கெட், எஸ்ஜிசி என்று வேறு நிறுவனங்களும் உண்டு. அப்படி மூடப்படாமல் இருக்கும் கார்டுதான் 'ரா' கார்டு. பிஎஸ்ஏ அளவுகோலில் 10 ஜெம் மின்ட், 9 மின்ட், 8 நியர் மின்ட்-மின்ட், 7 நியர் மின்ட், 6 எக்ஸலென்ட்-மின்ட், 5 எக்ஸலென்ட், 4 வெரி குட்-எக்ஸலென்ட், 3 வெரி குட், 2 குட், 1.5 ஃபேர், 1 புவர். 'குட்' எங்கே நிற்கிறது பாருங்கள், கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், 2-இல். பெயர் இனிமையாக இருந்தாலும் அது மடிப்பும் கறையும் உள்ள கார்டு.

அப்படியென்றால் எல்லாக் கார்டையும் அனுப்பி எண் வாங்கிவிட்டு விற்கலாமே என்று கேட்கலாம். கட்டணம், அஞ்சல், காப்பீடு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பத்து, இருபது டாலருக்குப் போகும் கார்டுக்குக் கட்டுப்படியாகாது. காத்திருப்பும் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் எல்லோரும் பரணைக் கிளறியதில் கார்டுகள் மலையாகக் குவிந்து, 2021 மார்ச்சில் பிஎஸ்ஏ தன் பெரும்பாலான சேவைகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. அதனால் விற்கப்படும் கார்டுகளில் பெரும்பகுதி இன்றும் ரா கார்டுகள்தான். அவற்றின் நிலையை உங்கள் வார்த்தையை நம்பித்தான் ஒருவர் வாங்குகிறார்.

நிலை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரே ஒரு கார்டு போதும். 1952-இல் டாப்ஸ் என்ற கார்டு நிறுவனம் வெளியிட்ட, பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் கார்டு, எண் 311. எஸ்ஜிசி 9.5 கொடுத்த ஒரு பிரதி 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதே கார்டு மூலை உருண்டு, நடுவில் மடிந்து கிடைத்தாலும் மதிப்புள்ளதுதான், ஆனால் பேச்சு கோடியிலிருந்து ஆயிரங்களுக்கு இறங்கிவிடும். அதே படம், அதே அட்டை, இடையில் இருப்பது நிலை மட்டும்தான்.

சரி, எழுதுவதற்கு வருவோம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரா கார்டுக்கு நீங்கள் எண் கொடுக்காதீர்கள். 'பிஎஸ்ஏ 10 வாங்கும்', 'ஜெம்மா இருக்கலாம்' என்றெல்லாம் எழுதாதீர்கள். 10 வாங்கும் என்று உண்மையிலேயே நம்புகிறவர் அதை அனுப்பி வாங்கியிருப்பார் என்று வாங்குகிறவருக்கும் தெரியும். உங்கள் வேலை, கார்டைக் கையில் வைத்து நீங்கள் பார்த்ததை, பார்க்க முடியாத ஒருவருக்குச் சொல்வது. எங்கே குறை, எவ்வளவு பெரியது, முன்பக்கமா பின்பக்கமா என்று. எண்ணை அவர் போட்டுக்கொள்வார்.

பார்ப்பதற்கு நான்கு இடங்கள்: சென்டரிங், மூலை, ஓரம், மேற்பரப்பு. மேஜை விளக்கு ஒன்று, பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லூப் ஒன்று, மில்லிமீட்டர் குறித்த ஸ்கேல் ஒன்று இருந்தால் போதும். கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள், கார்டை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள்.

சென்டரிங் என்பது படம் அட்டையின் நடுவில் அச்சாகியிருக்கிறதா என்பது. படத்தைச் சுற்றியுள்ள பார்டரை அளக்க வேண்டும். இடப்பக்கம் 3 மில்லிமீட்டர், வலப்பக்கம் 2 மில்லிமீட்டர் என்றால் மொத்தம் 5, அதில் 3 என்பது 60 சதவீதம், ஆக 60/40. மேலும் கீழும் இதேபோல் அளந்துகொள்ளுங்கள். பிஎஸ்ஏ இன்று 10 கொடுக்க முன்பக்கம் சுமார் 55/45, பின்பக்கம் 75/25-க்குள் இருக்க வேண்டும் என்கிறது. கூர்மையான மூலைகளோடு பளபளவென்று இருக்கும் கார்டு 70/30 ஆக ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால் அது ஆலையில் வெட்டும்போதே ஆன குறை, யார் மேலும் தப்பில்லை, ஆனாலும் எழுத வேண்டும். பக்கத்துக் கார்டின் துண்டு எட்டிப் பார்க்கும் அளவுக்கு வெட்டு தள்ளிப் போயிருந்தால் அதற்கு மிஸ்கட் என்று பெயர்.

மூலைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள், எட்டையும். ஆமாம், எட்டு. முன்பக்கம் நான்கு, பின்பக்கம் நான்கு. முன்னால் கூர்மையாகத் தெரியும் மூலை பின்னால் வெளுத்திருக்கும், இது அடிக்கடி நடக்கும். லூப்பில் பார்த்தால் நல்ல மூலை கத்தியால் வெட்டிய மாதிரி இருக்கும். கொஞ்சம் தேய்ந்தது என்றால் நுனியில் உப்புக்கல் அளவு வெள்ளை தெரியும். இன்னும் தேய்ந்தால் நுனி நார் நாராகப் பிரிந்து பஞ்சு மாதிரி நிற்கும், அதற்கப்புறம் மழுங்கி உருண்டுவிடும். இந்த நான்கு படிகளையும் வார்த்தையில் சொல்லிவிடலாம். 'மூலைகள் பரவாயில்லை' என்று எழுதினால் வாங்குகிறவருக்கு ஒன்றுமே தெரியாது. 'கீழ் வலது மூலை மழுங்கியிருக்கிறது, மற்ற மூன்றும் கூர்மை' என்று எழுதினால் அவர் கண் முன்னால் கார்டு வந்துவிடும்.

ஓரங்களில் கார்டின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். 1971 டாப்ஸ் பேஸ்பால் கார்டுகளுக்குக் கறுப்பு பார்டர். கடுகு அளவு பெயர்ந்தாலும் வெள்ளை பளிச்சென்று தெரியும். வெள்ளை பார்டர் கார்டில் அதே தேய்மானத்தைக் கண்டுபிடிக்கவே நேரம் ஆகும். அதனால்தான் 1971 கார்டு ஒன்று ஓரம் சுத்தமாக இருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும், அதைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, எல்லாக் கரடுமுரடும் தேய்மானம் ஆகாது. கனடாவின் ஓ-பீ-சீ ஹாக்கி கார்டுகளை அந்தக் காலத்தில் வெட்டிய விதத்தால் ஓரம் பிசிறு பிசிறாகத்தான் வரும், 1979-80 வேய்ன் கிரெட்ஸ்கி ரூக்கி கார்டு (ஒரு வீரருக்கு முதன்முதலாக வரும் கார்டு) உட்பட. அதை 'ஆலை வெட்டிலேயே பிசிறு உள்ள ஓரம்' என்று எழுதுங்கள், சேதம் என்று எழுதாதீர்கள். பழைய கார்டின் இடமும் வலமும் எதிரெதிராக ஒரு சின்னக் குழி இருந்தால், சிறுவன் ஒருவன் கட்டாக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டுவைத்த தடம் அது. அதையும் எழுத வேண்டும்.

மேற்பரப்புதான் கஷ்டமான இடம், நான் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததும் இதில்தான்.

பேஸ்பால் வீரர் ஜார்ஜ் பிரெட்டின் 1975 டாப்ஸ் ரூக்கி கார்டு ஒன்றை வைத்திருந்தேன், எண் 228. முன்பக்கம் நிறம் குலையாமல் இருந்தது, மூலைகள் வயதுக்கு மிக நன்றாக இருந்தன. நியர் மின்ட் என்று போட்டு, இரண்டு படம் வைத்து, நான்கே நாளில் விற்றுவிட்டேன். கார்டு போய்ச் சேர்ந்த மறுநாள் வாங்கியவரிடமிருந்து ஒரு படம் வந்தது. பின்பக்கத்தை விளக்குக்குக் கீழே சாய்த்து எடுத்திருந்தார். மேல் வலது மூலைக்குப் பக்கத்தில் கால் அங்குல நீளத்துக்கு ஒரு மெல்லிய கோடு, தலைமுடி விழுந்த மாதிரி, ஒளி பட்ட இடத்தில் மட்டும் மின்னியது. அதுதான் சுருக்கம். நிறம் உடையவில்லை, நேராகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, சாய்த்தால்தான் தெரியும். நான் சாய்த்துப் பார்க்கவே இல்லை. அவர் கோபமாகக்கூட எழுதவில்லை, 'இதை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்' என்றுதான் எழுதியிருந்தார். எனக்கு அன்றைக்கு மனசே சரியில்லை. தெரிந்து மறைத்ததும் தெரியாமல் விட்டதும் வாங்குகிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றுதான், அவர் காசு கொடுத்தது சுருக்கமில்லாத கார்டுக்கு.

அதற்கப்புறம் ஒவ்வொரு கார்டையும் இப்படித்தான் பார்க்கிறேன். அறை விளக்கை அணைத்துவிட்டு மேஜை விளக்கை மட்டும் போடுகிறேன். கார்டைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஒளி அதன்மேல் வழுக்கிப் போகிற மாதிரி மெதுவாகச் சாய்க்கிறேன். இடமிருந்து வலம், அப்புறம் மேலிருந்து கீழ், திருப்பிப் போட்டு மறுபடி அதே. ஒளி தடையில்லாமல் ஓடினால் சரி. எங்கேயாவது தடுக்கினால் அங்கே ஏதோ இருக்கிறது: சுருக்கம், நகம் பட்ட பள்ளம், கீறல், பேனா அழுத்திய தடம். ஒரு கார்டுக்கு ஒரு நிமிஷம் ஆகும், அவ்வளவுதான்.

சுருக்கத்துக்கும் மடிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை எழுத்தில் காட்டுங்கள். சுருக்கம் ஒரு பக்கத்தோடு நிற்கும், மடிப்பு இரண்டு பக்கமும் தெரியும், பெரும்பாலும் நிறத்தையும் உடைத்திருக்கும். மடிப்பு இருக்கும் கார்டுக்கு நியர் மின்ட் என்ற பேச்சே கிடையாது, மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

பழைய கார்டுகளில் கறையையும் பார்க்க வேண்டும். டாப்ஸ் 1991 வரை பாக்கெட்டுக்குள் சூயிங்கம் வைத்துக் கொடுத்தது. அந்த கம் ஒட்டிக் கிடந்த கார்டில் பழுப்புத் தடம் விழும், பாக்கெட்டை ஒட்டிய மெழுகு உருகிய கார்டில் எண்ணெய் பட்ட மாதிரி வட்டம் இருக்கும். ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டிப் பிய்த்த கார்டின் முதுகில் தாள் உரிந்திருக்கும், இது பெரிய குறை, முதல் வரியிலேயே வர வேண்டும். செக்லிஸ்ட் கார்டு (வரிசையில் உள்ள கார்டுகளின் பட்டியல் அச்சிட்டது) என்றால் கட்டங்களில் டிக் அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள், முக்கால்வாசி அடித்திருப்பார்கள்.

புதிய பளபளப்புக் கார்டுகள் வேறு ரகம். டாப்ஸ் குரோம், பானினி பிரிஸம் மாதிரியானவற்றில் மூலை நன்றாகத்தான் இருக்கும், பாக்கெட்டிலிருந்து நேராக உறைக்குள் போயிருக்கும். குறை மேற்பரப்பில்தான் ஒளிந்திருக்கும். ஒரு கோடு கார்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக ஓடினால் அது பெரும்பாலும் அச்சிலேயே வந்த பிரின்ட் லைன். வளைந்து, பாதியில் நின்றால் கீறல். இரண்டையும் பெயர் சொல்லி எழுதுங்கள். கார்டு வில் மாதிரி வளைந்திருந்தால், ஈரப்பதம் மாறும்போது குரோம் கார்டுகளுக்கு வழக்கமாக நடப்பதுதான் என்றாலும், அதையும் சொல்லிவிடுங்கள். 'பேக் ஃபிரெஷ்' என்ற சொல்லை நம்பி நியர் மின்ட் போடாதீர்கள். பாக்கெட்டிலிருந்து வந்தது என்பது கார்டு எங்கே இருந்தது என்பதைச் சொல்கிறதே தவிர எப்படி இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

இதெல்லாம் தேய்மானம். அடுத்து வருவது தேய்மானம் இல்லை, யாரோ கை வைத்தது. ஓரத்தை வெட்டிக் கூர்மையாக்குவது, வெளுத்த பார்டரில் மார்க்கர் தடவுவது, மடிப்பை அழுத்தி மறைப்பது. இன்றைய வழக்கமான கார்டு அளவு 2.5 அங்குலம் அகலம், 3.5 அங்குலம் உயரம், டாப்ஸ் பேஸ்பால் கார்டுகள் 1957-இலிருந்து இந்த அளவுக்கு வந்தன, 1952 முதல் 1956 வரையானவை கொஞ்சம் பெரியவை. அதே வரிசையைச் சேர்ந்த சாதாரணக் கார்டு ஒன்றின்மேல் வைத்துப் பாருங்கள், உங்கள் கார்டு குட்டையாகவோ ஒடுங்கியோ தெரிந்தால் யோசிக்க வேண்டும். கறுப்பு பார்டரில் மார்க்கர் தடவியிருந்தால், முன்பக்கத்தைவிட ஓரத்தைப் பக்கவாட்டில் பார்க்கும்போது தெரியும், அட்டையின் வெள்ளை விளிம்பில் மை ஊறியிருக்கும்.

இது சின்ன விஷயம் இல்லை. பிஎஸ்ஏ முதன்முதலில் எண் கொடுத்த கார்டே இதற்குச் சாட்சி. டி206 என்று அழைக்கப்படும், 1909-க்கும் 1911-க்கும் இடையில் சிகரெட் பெட்டிகளில் வந்த வரிசையில் பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டு. ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவர் அணியின் அப்போதைய உரிமையாளர் புரூஸ் மெக்நாலும் சேர்ந்து 1991-இல் 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு வாங்கியது. பிஎஸ்ஏ அதற்கு 8 கொடுத்தது. அந்தக் கார்டு ஒருகாலத்தில் தன் கையில் இருந்தபோது அதன் ஓரங்களை வெட்டியதாக, ஏல நிறுவனம் நடத்திய பில் மாஸ்ட்ரோ 2013-இல் நீதிமன்ற வழக்கில் ஒப்புக்கொண்டார். உலகத்திலேயே பேர்போன கார்டுக்கு, நிபுணர்கள் கண்ணுக்கும் தப்பி நடந்தது இது. அதனால் உங்கள் கார்டில் சந்தேகம் இருந்தால் சந்தேகம் என்றே எழுதுங்கள்: 'அளவு சற்றுக் குறைவாகத் தெரிகிறது, வெட்டப்பட்டிருக்கலாம்.' விலை குறையும், குறையட்டும்.

இப்போது அந்த ஜார்ஜ் பிரெட் கார்டை நான் மறுபடி போட்டபோது எழுதியதைக் காட்டுகிறேன். அங்கே ஆங்கிலத்தில் எழுதினேன், விஷயம் இதுதான்:

'1975 டாப்ஸ், ஜார்ஜ் பிரெட் ரூக்கி, எண் 228. கிரேடு செய்யாதது. பின்பக்கம் மேல் வலது மூலை அருகே கால் அங்குலச் சுருக்கம், ஒளியில் சாய்த்தால் மட்டும் தெரியும், முன்பக்கம் வரவில்லை, ஐந்தாவது படம் பார்க்கவும். சென்டரிங் இடம்-வலம் 60/40, மேல்-கீழ் 55/45. மேல் மூலைகள் கூர்மை, கீழ் இடது மூலை நுனியில் வெள்ளை, கீழ் வலது மூலை லேசாக மழுங்கல். வலது ஓரம் நடுவில் சிறு வெளுப்பு. கறை, எழுத்து, பசைத் தடம் இல்லை. நான் எதுவும் செய்யவில்லை, எனக்கு முன்னால் வைத்திருந்தவர்கள் பற்றித் தெரியாது.'

பெரிய குறை முதலில் வந்திருப்பதைக் கவனியுங்கள். கடைசி வரியில் ஒளித்து வைத்தால் படிக்காமல் வாங்கி, வந்த பிறகு பார்ப்பார்கள். நான்கு பெயர்களில் எக்ஸலென்ட்டைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டுக்கு நடுவில் தடுமாறினால் கீழே இருப்பதை எடுங்கள். முதல்முறை கிடைத்ததைவிடக் குறைவாகத்தான் போனது, திரும்பி வரவில்லை.

படத்தைப் பற்றிக் கொஞ்சம். ஈபே 24 படம் வரை ஏற்றுக்கொள்கிறது, இரண்டோடு நிறுத்த வேண்டியதில்லை. முன்பக்கம், பின்பக்கம், மூலைகள் நெருக்கத்தில், அப்புறம் நீங்கள் எழுதிய ஒவ்வொரு குறைக்கும் ஒரு படம். கார்டை பென்னி ஸ்லீவ் என்ற மெல்லிய பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுத்துப் படம் பிடியுங்கள், இல்லையென்றால் உறையின் கீறலைக் கார்டின் கீறல் என்று நினைப்பார்கள், அல்லது கார்டின் கீறலை உறை மறைக்கும். ஸ்கேனர் மூலைகளையும் சென்டரிங்கையும் அழகாகக் காட்டும், ஆனால் சுருக்கத்தையும் குரோம் கீறலையும் விழுங்கிவிடும். அதற்கு போனும் சாய்ந்த வெளிச்சமும்தான் சரி. ஃபில்டர் போடாதீர்கள். மற்றவர் போட்ட படத்தை எடுத்துப் போடவே கூடாது, வாங்குகிறவருக்கு வேண்டியது உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு கார்டு.

அனுப்பும்போது பென்னி ஸ்லீவில் போட்டு, டாப்லோடர் என்ற, மேலே திறந்திருக்கும் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் நுழைத்து, அதன் வாயைச் சுலபமாக உரியும் பெயின்டர்ஸ் டேப்பால் ஒட்டி, இரண்டு அட்டைக்கு நடுவில் வையுங்கள். சாதா செல்லோடேப் ஒட்டினால் பிரிக்கும்போது கார்டு வழுக்கி மூலை இடிபடும், நீங்கள் கூர்மை என்று எழுதிய அதே மூலை. உறையில் போடுவதற்கு முன்னால் டாப்லோடரில் கார்டு இருக்கும்போதே இன்னொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். விவரித்தபடி இல்லை என்று வாங்கியவர் புகார் சொல்ல, கார்டு போய்ச் சேர்ந்த நாளிலிருந்து ஈபேயில் 30 நாள் அவகாசம் இருக்கிறது. அதுவரை ஒரு படத்தையும் போனிலிருந்து அழிக்காதீர்கள்.